கையெழுத்துப் போடவில்லை, ஏப்ரலில் ஜூனியர் எனக்கு மேனேஜர் ஆகிவிட்டான்

ஒரகடம் நைட்ஷிஃப்ட்:

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். கொஞ்சம் நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரகடம் பக்கம் ஒரு ஆட்டோ பார்ட்ஸ் கம்பெனியில் குவாலிட்டியில் 9 வருஷமாக இருக்கிறேன். போன டிசம்பரில் 1,200 பீஸ் லாட் ஒன்று. டிராயிங்படி போர் சைஸ், அதாவது துளையின் விட்டம், 25.00 முதல் 25.02 மில்லிமீட்டர் வரை இருக்கலாம். 50 பீஸ் எடுத்துப் பார்த்தேன், ஆறு பீஸில் நோ-கோ கேஜ் (துளை சரியான அளவில் இருந்தால் உள்ளே போகக்கூடாத அளவுக் கருவி) வழுக்கிக்கொண்டு உள்ளே போகிறது. மாத இலக்கு, வண்டி கேட்டில் நிற்கிறது, மேனேஜர் வந்து "25.01 என்று எழுதிக் கையெழுத்துப் போடுப்பா, ஓடுகிற வண்டியில் யார் அளந்து பார்க்கப் போகிறார்கள்" என்றார். என்னால் முடியாது சார் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். நான் வேலை சொல்லிக் கொடுத்த பையன் அந்த ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டான், வண்டி போய்விட்டது. பெரிதாக எந்தப் பிரச்சினையும் வரவில்லை.

ஏப்ரல் அப்ரைசலில் அவன் டெபுடி மேனேஜர். எனக்கு நைட் ஷிஃப்டில் இன்கமிங் இன்ஸ்பெக்‌ஷன் (வெளியிலிருந்து வரும் பொருளைச் சோதிக்கிற வேலை), இன்கிரிமென்ட் பேருக்கு ஏதோ.

சபையில் சொன்னால் போதகர் ஐயர் "யோசேப்பை உயர்த்தின தேவன் உன்னையும் உயர்த்துவார்" என்கிறார். இன்னொருவர், உன் வாழ்க்கையில் ஏதாவது மறைவான பாவம் இருக்கிறதா என்று சோதித்துப் பார் தம்பி என்றார். வீட்டில் அவள் எதுவும் சொல்வதில்லை, ஆனால் 5-ஆம் தேதி இஎம்ஐ போகிற அன்றைக்கு வீடு ரொம்ப அமைதியாக இருக்கும். ஜெபம் பண்ண உட்கார்ந்தால் மேனேஜர் முகம்தான் வருகிறது. நான் செய்தது சரிதானா? சரி என்றால் ஏன் உள்ளே இவ்வளவு கசப்பு? கஸ்டமருக்கே ஒரு மெயில் தட்டிவிடலாமா என்றும் தோன்றுகிறது.

---

ஜெபவீரன்:

கலங்காதீர்கள் பிரதர்! எரேமியா 29:11, தேவன் உங்கள்மேல் வைத்திருக்கிற நினைவுகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கே என்கிற வசனம், உங்களுக்கான வாக்குத்தத்தம். இந்த வருஷ முடிவுக்குள் இரட்டிப்பான நன்மை, விசுவாசியுங்கள். ஜெபிக்கிறேன்.

---

மைக்ரோமீட்டர்:

மேலே எழுதிய தம்பி கோபப்பட வேண்டாம். 29:11-ஐ ஜனவரி முதல் தேதி சபையில் தரும் வாக்குத்தத்த அட்டையில் எல்லோரும் எடுக்கிறோம், அதற்கு முந்தின வசனத்தில் எழுபது வருஷம் என்று இருப்பதை யாரும் அட்டையில் அச்சடிப்பதில்லை. பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதிய கடிதம் அது. அதைக் கேட்ட பெரியவர்களில் பாதிப்பேர் அங்கேயே செத்திருப்பார்கள். வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், நீங்கள் இருக்கிற பட்டணம் நன்றாக இருக்க ஜெபியுங்கள் என்றுதான் அந்தக் கடிதம் தொடங்குகிறது. டிசம்பருக்குள் புரமோஷன் என்று அதில் எங்கேயும் இல்லை.

நைட்ஷிஃப்ட் தம்பிக்கு: நானும் 22 வருஷமாக இதே துறைதான். கையெழுத்துப் போடாதது சரி, அதில் பேச்சே இல்லை. கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பு என்று நீதிமொழிகள் சொல்கிறதே, நம் தொழிலில் தராசு என்பது கேஜ்தான். ஆனால் "முடியாது சார்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன் என்கிறீர்களே, அந்த இடத்தில் ஒரு கேள்வி. டீவியேஷன் கேட்டிருக்கலாமே? உண்மையான அளவைப் போட்டு, இத்தனை பீஸ் இவ்வளவு கூடுதலாக இருக்கிறது, ஏற்றுக்கொள்கிறீர்களா என்று கஸ்டமருக்கு எழுதி அனுமதி வாங்குவது எல்லாக் கம்பெனியிலும் உள்ள வழிதான். சில நேரம் அவர்களே சரி அனுப்பு என்பார்கள். இல்லையென்றால் 1,200-ஐயும் நூறு சதவீதம் கேஜ் போட்டு நல்லதை மட்டும் அந்த வண்டியில் ஏற்றலாம். பிளக் கேஜ்தானே, நாலு பேர் உட்கார்ந்தால் இரண்டு மணி நேரம்கூட ஆகாது.

தானியேல் என்றதும் நமக்குச் சிங்கக்கெபிதான் ஞாபகம் வரும். முதல் அதிகாரத்தைப் படித்துப் பாருங்கள். ராஜாவின் சாப்பாடு வேண்டாம் என்று தானியேல் தட்டைத் தள்ளிவிட்டுப் போகவில்லை. பொறுப்பில் இருந்தவனுக்குத் தலை போய்விடுமோ என்ற பயம் இருப்பது தானியேலுக்குப் புரிந்தது, பத்து நாள் பருப்பும் தண்ணீரும் கொடுத்துச் சோதித்துப் பாருங்கள் என்று கேட்டான். அவன் மாட்டிக்கொள்ளாமல் இருக்க ஒரு வழியும் சேர்த்துக் கொடுத்தான். உங்கள் மேனேஜருக்கும் மேலே ஒருவர் கத்திக்கொண்டிருந்திருப்பார்.

கஸ்டமருக்கு மெயில்: இத்தனை மாதம் கழித்து, இந்தக் கோபத்தோடு வேண்டாம். அந்த பார்ட் பிரேக், ஸ்டீயரிங் மாதிரி ஆள் உயிர் சம்பந்தப்பட்டது என்றால் கதை வேறு, அப்போது உள்ளேயே பிளான்ட் ஹெட்டுக்கு எழுத்தில் கொடுங்கள், இன்றைக்கே.

---

பாளையங்கோட்டை அக்கா:

தம்பி, நான் அரசு அலுவலகத்தில் 31 வருஷம் இருந்து ரிட்டயர் ஆனவள். கையூட்டுப் புழங்குகிற சீட்டுகள் எல்லாம் பார்த்தேன், ஒரு டீ கூட வாங்கிக் குடித்ததில்லை. பதினோரு டிரான்ஸ்ஃபர். பிள்ளைகள் அஞ்சு பள்ளிக்கூடம் மாறினார்கள். யாரும் என்னை யோசேப்பு மாதிரி உயர்த்தவில்லை, சூப்பரின்டென்டென்டாகவே வீட்டுக்கு வந்தேன், அவ்வளவுதான்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், இதைச் சபையில் சாட்சி சொல்லும்போது நான் சொல்வதில்லை. நான் வாங்குவதில்லை என்பது ஆபீஸில் அத்தனை பேருக்கும் தெரிகிற மாதிரி நடந்துகொண்டேன். மத்தியானம் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு தனியாக ஜன்னல் ஓரம் போய் உட்காருவேன். கேட்டால் அவர்கள் சாப்பாட்டில் லஞ்சக் காசு இருக்கிறது என்ற நினைப்பு. அப்புறம் எங்க வீட்டுக்காரருக்கு நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, நான் முகம் கொடுத்துப் பேசாத அந்த அக்கவுன்ட்ஸ் பையன்தான் மூன்று ராத்திரி வராந்தாவில் பேப்பர் விரித்துப் படுத்துக் கிடந்தான். அவன் வாங்குவான், எனக்குத் தெரியும். அந்த வராந்தாவில் என் நேர்மையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றே எனக்குத் தெரியவில்லை.

உங்கள் கசப்பு பாவம் என்று நான் சொல்ல மாட்டேன். துன்மார்க்கன் நன்றாக இருக்கிறானே என்று ஆசாப் பொறாமைப்பட்டதை 73-ஆம் சங்கீதமாகவே எழுதி வைத்திருக்கிறது. மேனேஜர் முகம் வந்தால் வரட்டும், அந்த முகத்தை வைத்தே ஜெபம் பண்ணுங்கள், திட்டுகிற மாதிரி வந்தாலும் பரவாயில்லை. மறைவான பாவம் பற்றிக் கேட்டவருக்கு, யோபு புத்தகத்தில் அவனுடைய சிநேகிதன் எலிப்பாஸ் இதே மாதிரி பாவம்தான் காரணம் என்று பேசுகிற அதிகாரங்களை வாசிக்கக் கொடுங்கள்.

---

கையெழுத்துப் போட்டவன்:

இது என் உண்மைப் பெயர் இல்லை, ஆனால் உண்மை. நான் போட்டேன். வேறு கம்பெனி, வேறு பார்ட், அதே மாதிரி ராத்திரி. அம்மாவுக்கு டயாலிசிஸ், கையில் வேறு வேலை இல்லை. மூன்று வாரம் கழித்து கஸ்டமர் லைனில் பிடித்துவிட்டார்கள். கஸ்டமர் பிளான்டில் போய் மூன்று நாள் நின்றுகொண்டே சார்ட்டிங் (நல்லதையும் கெட்டதையும் பிரிப்பது) செய்தேன், ஒவ்வொரு பெட்டியிலும் என் இனிஷியல். மேனேஜர் போனை எடுக்கவில்லை. ரிப்போர்ட்டில் என் பெயர்தானே இருக்கிறது.

அந்த ஞாயிறு திருவிருந்து எடுக்காமல் பின்பெஞ்சிலேயே இருந்துவிட்டேன். ஏன் என்று யாரும் கேட்கவில்லை, கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா என்றும் தெரியாது. உங்கள் ஜூனியரைப் பற்றி எழுதியிருக்கிறீர்களே, அவனுக்கும் ராத்திரி தூக்கம் வருகிறதோ என்னவோ.

நடைமுறையாக ஒன்று: வேலை மாறினால் கிராச்சுவிட்டியை விட்டுவிடாதீர்கள். கடைசி பேசிக்கும் டிஏவும் சேர்ந்து 30,000 என்றால், அதை 15/26 ஆல் பெருக்கி 9 வருஷத்துக்கு 1,55,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேல் வரும். கோபத்தில் பேப்பர் போட்டுவிட்டு நடக்காதீர்கள், ஆஃபர் கைக்கு வந்தபிறகு நோட்டீஸ் கொடுங்கள்.

---

ஒரகடம் நைட்ஷிஃப்ட்:

எல்லோருக்கும் நன்றி. பார்ட் பிரேக் சம்பந்தப்பட்டது இல்லை, ஒரு பிராக்கெட்தான்.

டீவியேஷன் எனக்குத் தெரியாதது இல்லை அண்ணா. அன்றைக்கு ஞாபகம் வரவில்லை என்று சொன்னால் பொய். மேனேஜரோடு அதற்கு முன்பே மனஸ்தாபம், மாட்டட்டும் என்றுதான் பேசாமல் வந்தேன். இதை முதலில் எழுதும்போது விட்டுவிட்டேன்.

இன்னொன்றையும் விட்டுவிட்டேன். போன வாரம் ஆடிட் வேலைக்காக அந்தப் பையன் ராத்திரி தங்கியிருந்தான். கேன்டீனில் என் எதிரில் வந்து உட்கார்ந்தான், "அண்ணா" என்றான். நான் தட்டை எடுத்துக்கொண்டு வேறு மேஜைக்குப் போய்விட்டேன். அக்கா எழுதிய அந்த ஜன்னல் ஓரத்தைப் படித்ததிலிருந்து அதுதான் ஓடிக்கொண்டிருக்கிறது. நாளை வரை ஆடிட் இருக்கிறது, இன்றும் அவன் இருப்பான். பத்து மணிக்கு ஷிஃப்ட், கிளம்புகிறேன்.