ஆய்வுக் குழுவில் நோயாளிக்கு என்ன வேலை?

வைகைக்கரை:
மருந்து ஆய்வைத் திட்டமிடும்போதே நோயாளிகளையும் உட்கார வைத்துப் பேச வேண்டும் என்பது என் கட்சி. எனக்கு முடக்குவாதம் வந்து ஒன்பது வருடம். ஓர் ஆய்வில் சேர்ந்திருந்தேன். போகும்போதெல்லாம் 28 மூட்டுகளை அமுக்கிப் பார்த்து வீக்கத்தைக் குறித்துக்கொள்வார்கள். காலை பத்து மணிக்கே ஈரத் துணியைப் பிழியத் தெம்பில்லாமல் வாளியோடு உட்கார்ந்துவிடுகிறேனே, அந்த அசதிக்குப் படிவத்தில் ஒரு கட்டம்கூட இல்லை.

எண்கணக்கன்:
உங்கள் வேதனை புரிகிறது, அக்கா. ஆனால் ஆய்வு என்பது பஞ்சாயத்து அல்ல. எத்தனை பேரைச் சேர்ப்பது, யாருக்கு மருந்து, யாருக்கு வெற்று மாத்திரை என்பதையெல்லாம் கை தூக்கச் சொல்லியா முடிவு செய்வது? அசதியை எதை வைத்து அளப்பது?

வைகைக்கரை:
வலியை எதை வைத்து அளக்கிறீர்கள், தம்பி? 0 முதல் 10 வரை எங்களிடம்தானே கேட்கிறீர்கள்! வாதநோய் ஆய்வுகளில் எதை அளப்பது என்று பேசித் தீர்மானிக்கும் ஓமராக்ட் என்ற பன்னாட்டுக் குழு, 2002-இல் ஆஸ்திரேலியாவில் கூடியபோது 11 நோயாளிகளை அழைத்தது. அசதியை ஏன் விட்டுவிட்டீர்கள் என்று கேட்டவர்கள் அவர்கள்தாம். சில ஆண்டுகளில் அளக்க வேண்டியவற்றில் அதுவும் சேர்ந்தது.

மூன்றாம்பெஞ்சு:
நம் நாட்டிலும் விதி இருக்கிறது. 2019-ஆம் ஆண்டின் புதிய மருந்து ஆய்வு விதிகளின்படி, ஆய்வைப் பரிசீலித்து அனுமதி தரும் நெறிமுறைக் குழுவில் குறைந்தது 7 பேர். அதில் ஒருவர் சாதாரணப் பொதுநபர். அந்த நாற்காலியில் இரண்டு வருடம் உட்கார்ந்தவன் நான். ஆய்வுத் திட்டம் ஆங்கிலத்தில் ஒரு பெரிய கட்டாகக் கூட்டத்துக்கு முந்தின நாள் மாலை வரும். (வடையைக் குறை சொல்ல முடியாது.) ஒரே ஒரு முறை வாய் திறந்தேன்: "ஆறு தடவை ரத்தம் கொடுக்க வரச் சொல்கிறீர்களே, ஆறு நாள் கூலி யார் தருவது?" யாரும் பதில் சொல்லவில்லை. அடுத்த வரைவில் ஆறு மூன்றாகியிருந்தது.

எண்கணக்கன்:
நல்ல கேள்வி, ஐயா. ஆனாலும் அழைத்தால் வருகிறவர் யார்? ஓய்வு பெற்றவர், ஆங்கிலம் தெரிந்தவர், கார் வைத்திருப்பவர். அவர் சொன்னதை எல்லா நோயாளிகளின் குரல் என்று எழுதிவிடுவார்கள். செங்கல் சூளைக்காரருக்கு அதில் என்ன இடம்?

வைகைக்கரை:
ஞாயிற்றுக்கிழமை கூடுங்கள், தமிழில் பேசுங்கள், அன்றைய கூலியைக் கொடுங்கள். அப்போதும் வராவிட்டால் பேசுவோம்.

எண்கணக்கன்:
காசு கொடுத்தால் ஆளை விலைக்கு வாங்கியதாகாதா?

மூன்றாம்பெஞ்சு:
அந்தக் குழுவில் பேராசிரியருக்கும் கூட்டத்துக்கு இவ்வளவு என்று உறையில் போட்டுத்தான் கொடுத்தார்கள், தம்பி. அவரை யாரும் அப்படிக் கேட்கவில்லை.