இரண்டு கிரவுண்டில் எட்டு வீடா, பத்து வீடா?

மேற்கு மாம்பலத்துக்காரி:
சென்னை மேற்கு மாம்பலத்தில் அப்பா கட்டிய வீடு, இரண்டு கிரவுண்டு, அதாவது 4,800 சதுர அடி. எதிரே முப்பதடிச் சாலை. பாதிப் பாதி பங்குக்குக் கட்டித்தர ஒரு பில்டர் வந்திருக்கிறார். தரைத்தளம் கார்களுக்கு, மேலே நான்கு மாடியில் எட்டு வீடு என்றார். இப்போது பிரீமியம் எஃப்.எஸ்.ஐ., அதாவது அரசுக்குப் பணம் கட்டிக் கூடுதல் பரப்பு கட்டும் அனுமதி, வாங்கி ஐந்து மாடி, பத்து வீடு என்கிறார். தம்பி சரி என்றுவிட்டான். எனக்குக் கொல்லைக் கிணறும் காற்றோட்டமும் போய்விடுமோ என்று மனம் ஒப்பவில்லை.

ஓய்வுபெற்ற பொறியாளர்:
அம்மா, 2019 கட்டட விதிகளில் இவ்வகைக் கட்டடத்துக்கு எஃப்.எஸ்.ஐ. 2, அதாவது மனைப் பரப்பைப்போல் இரண்டு மடங்கு கட்டலாம், உங்களுக்கு 9,600 சதுர அடி. சாலை 9 மீட்டர் இருந்தால் 30 சதவீதம் பிரீமியம் சேர்ந்து 12,480. சாலையை நீங்களே அளந்துவிடுங்கள். யூ.டி.எஸ்., அதாவது ஒவ்வொரு வீட்டுக்கும் சேரும் பிரிக்கப்படாத நிலப் பங்கு, 600 சதுர அடியிலிருந்து 480 ஆகும், உங்கள் குடும்பத்துக்கு நான்குக்குப் பதில் ஐந்து வீடு.

பத்துக் குடும்பம் வருவதில் தவறே இல்லை. மாம்பலம் ரயில் நிலையத்துக்கு நடந்தே போகக்கூடிய இடம். இங்கே இடமில்லை என்றால் அவர்கள் எங்கோ ஏரிப் பாசன வயலில் போட்ட மனையைத்தான் வாங்குவார்கள். மாடிக்கு இரண்டே வீடு என்பதால் ஒவ்வொன்றுக்கும் மூன்று பக்கம் ஜன்னல் வைக்கலாம். சண்டை போடவேண்டியது வரைபடத்தில்தான். கடற்காற்று வரும் தென்கிழக்கில் படுக்கையறை. மேற்கு வெயிலை மாடிப்படியும் லிஃப்டும் குளியலறையும் வாங்கிக்கொள்ளட்டும். பல பில்டர்கள் விற்பனைக்கு அழகாக இருக்கும் என்று ஹாலை மட்டும் பார்க்கிறார்கள். சமையலறை ஜன்னல் வெளிப்புறம் திறக்கிறதா என்று பாருங்கள்.

நான்காவது மாடி:
நான் குடியிருக்கும் அடுக்ககத்தில் எங்கள் சமையலறை ஜன்னல் குழாய்கள் இறங்கும் சந்துக்குள் திறக்கிறது. பகலிலும் விளக்கு வேண்டும். கீழ்வீட்டுத் தாளிப்பு எங்கள் படுக்கையறை வரை வருகிறது. கிணற்றை மூடிக் கார் நிறுத்துகிறோம், கோடையில் லாரித் தண்ணீர். இன்னொன்று: மாம்பலம் ஏரியைத் தூர்த்துத்தான் 1920-களில் தியாகராய நகர் உருவானது. பக்கத்திலேயே இருக்கும் நீங்கள் நிலத்தடியில் கார் நிறுத்தம் தோண்ட விடவே விடாதீர்கள்.

மேற்கு மாம்பலத்துக்காரி:
கிணற்றைக் காப்பாற்ற வழி உண்டா?

ஓய்வுபெற்ற பொறியாளர்:
பின்மதிலை ஒட்டி இருந்தால் விதிப்படி விடவேண்டிய திறந்தவெளிக்குள் அது வந்துவிடும். மொட்டைமாடி மழைநீரை வடிகட்டித் தொட்டி வழியாக அதில் இறக்கச் சொல்லுங்கள். மழைநீர் சேகரிப்பு எப்படியும் கட்டாயம்தானே. கிணறு, ஜன்னல்கள் எல்லாம் குறித்த வரைபடத்தை ஒப்பந்தத்துடன் இணைத்துக் கையெழுத்து வாங்குங்கள். அதற்கு முன் பவர் ஆஃப் அட்டர்னி கொடுக்காதீர்கள், தம்பியிடமும் சொல்லிவையுங்கள்.