சலாமி ஸ்லைசிங்: 'கூறுபோடல்' என்று வைத்துக்கொள்ளலாமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். நம் சொற்பட்டியலுக்காக, ஒரே ஆய்வைப் பல கட்டுரைகளாக உடைத்து வெளியிடும் 'சலாமி ஸ்லைசிங்' என்ற தவறுக்குத் தமிழில் என்ன சொல் வைக்கலாம் என்று போன வாரம் கேட்டிருந்தேன். இத்தனை மடல்கள் வரும் என்று நினைக்கவில்லை. எல்லாவற்றையும் படித்துவிட்டு, வகுப்பிலும் இரண்டு முறை சொல்லிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

குழுவுக்குப் புதிதாக வந்தவர்களுக்காக: முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்கிறவர்கள் 'ரிசர்ச் அண்ட் பப்ளிகேஷன் எத்திக்ஸ்' (ஆய்விலும் வெளியீட்டிலும் காக்க வேண்டிய நேர்மை) என்ற பாடத்தைப் படித்தாக வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2019 இறுதியில் அறிவித்தது. 2 கிரெடிட், 30 மணி நேரம். எங்கள் கல்லூரியில் அதை நடத்துவது நான். பாடத்திட்டம் ஆங்கிலத்தில், தேர்வும் ஆங்கிலத்தில். ஆனால் வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு ஒரு மாணவி தயங்கித் தயங்கி வந்து, "மேடம், நான் செஞ்சது தப்பா?" என்று கேட்பது தமிழில்தான். அந்த இடத்தில் எனக்குச் சொல் வேண்டும்.

ஃபேப்ரிகேஷனுக்கு 'இட்டுக்கட்டல்', ஃபால்சிஃபிகேஷனுக்குத் 'திரித்தல்' என்று ஏற்கெனவே முடிவாகிவிட்டது. செய்யாத சோதனைக்கு எண் எழுதினால் இட்டுக்கட்டல். செய்த சோதனையில் பிடிக்காத எண்ணை மாற்றினாலோ சொல்லாமல் விட்டாலோ திரித்தல். இரண்டுமே நம் பாட்டிமார் வாயில் புழங்கிய சொற்கள். அவற்றுக்கு நான் விளக்கம் சொல்ல வேண்டியதே இல்லை. மிச்சமிருப்பது சலாமி ஸ்லைசிங்.

ஒரே ஆய்வை, ஒன்றாக வெளியிட்டால்தான் பொருள் விளங்கும் என்னும்போதும், உடைத்து உடைத்துப் பல கட்டுரைகளாக வெளியிடுவதற்கு அந்தப் பெயர். சலாமி இத்தாலியர்களின் பதப்படுத்திய இறைச்சி, மெல்லிய வில்லைகளாகச் சீவிச் சாப்பிடுவார்கள். என் வகுப்பில் 22 பேர். அதைக் கண்ணால் பார்த்தவர்கள் இரண்டே பேர். ஒரு பையன், "சலாம் போடுறதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கா மேடம்?" என்று உண்மையாகவே கேட்டான். அவன் மேல் தவறில்லை.

வந்த சொற்களைப் பார்ப்போம்.

> நுண்பகுப்பு வெளியீடு

இலக்கணப்படி குறையில்லை. ஆனால் கேட்டால் பாராட்டு மாதிரி இருக்கிறது. ஏதோ நுணுக்கமான வேலை செய்தவர் என்று தோன்றுகிறது. குற்றத்துக்கு வைக்கிற பெயர், செய்தவர் தன் விவரக் குறிப்பில் பெருமையாக எழுதிக்கொள்ளும்படி அமையக் கூடாது.

> சீவல் பதிப்பு

கும்பகோணத்து நண்பர் எழுதியது. வெற்றிலைத் தட்டு உடனே கண்முன் வந்தது, மனசுக்குப் பிடித்தும் இருந்தது. மூலச்சொல்லின் படிமத்துக்கு மிக நெருக்கமானதும் இதுதான். என் தயக்கம் ஒன்றுதான்: துண்டு மெல்லியதாக இருப்பது இங்கே குற்றமில்லை. இரண்டு பக்கக் கட்டுரை நேர்மையானதாக இருக்கலாம். முழுசு எங்கே இருக்கிறது என்பதை மறைப்பதுதான் குற்றம்.

அந்த மறைப்பைச் சொல்லும் சொல்லைத் தேடிக்கொண்டிருந்தபோதுதான் எங்கள் ஊர் வாரச்சந்தை நினைவுக்கு வந்தது. சாக்கை விரித்து, தக்காளியைக் கூறு கூறாக வைத்திருப்பார்கள். ஒரு கூறில் ஏழெட்டுப் பழம். மேலே சிவந்து பளபளக்கும் இரண்டு. நாம் பார்ப்பது அந்தக் கூறை மட்டும்தான். கூடையில் மொத்தம் எவ்வளவு இருந்தது, நல்லது எத்தனை, அடிபட்டது எத்தனை என்பது வாங்குகிறவருக்குத் தெரியாது. ஒரு கட்டுரையை மட்டும் படிக்கிற வாசகரின் நிலையும் இதுதான்.

அதனால் முதலில் 'கூறுகட்டல்' என்று வைத்தேன். அதற்கு வந்த மறுப்புகள் என்னை யோசிக்க வைத்தன.

> 'கூறுகெட்ட' என்று காதில் விழும். யாழ்ப்பாணத்தில் மீன் சந்தையில் 'கூறுவது' என்றால் ஏலம். நாங்கள் 'பங்கு' என்போமே?

முதல் மறுப்பு சரி. உரக்கச் சொன்னபோது எனக்கே அப்படித்தான் கேட்டது. 'பங்கு' பற்றி: பங்கு இறைச்சி என்றால் எல்லோர் முன்னிலையிலும் சமமாகப் பிரிப்பது. அது நியாயத்தின் சொல், அதை இந்தக் குற்றத்துக்குக் கொடுக்க மனம் வரவில்லை. இதை எழுதும்போது இன்னொன்றும் உறைத்தது. சந்தையில் கூறுகட்டுவது வெயிலில் உட்கார்ந்து பிழைக்கிறவர்களின் நேர்மையான தொழில். அந்தச் சொல்லை எடுத்து ஆராய்ச்சியாளரின் ஏமாற்றுக்குப் பெயராக வைப்பது அவர்களுக்குச் செய்கிற அநியாயம்.

'கூறுபோடல்' அப்படியில்லை. "அண்ணன் தம்பிகள் நிலத்தைக் கூறுபோட்டார்கள்", "நாட்டைக் கூறுபோட்டார்கள்" என்று சொல்லும்போதே பழியும் சேர்ந்து வருகிறது. ஒன்றாக இருக்க வேண்டியதைச் சிதைத்தார்கள் என்ற பொருள் அந்த வினையிலேயே இருக்கிறது. வினையாகப் புழங்குவதும் முக்கியம். "நான் கூறுபோட்டுட்டேன் மேடம்" என்று ஒரு மாணவி சொல்ல முடியும். "நான் நுண்பகுப்பு வெளியீடு செய்துவிட்டேன்" என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

மேலே சொன்ன மாணவி செய்தது இது: ஒரே வயல், ஒரே பருவம், கேழ்வரகு. 12 உர முறைகள், ஒவ்வொன்றுக்கும் மூன்று பாத்தி, ஆக 36 பாத்தி. செடி உயரம் ஒரு கட்டுரையில், தூர்களின் எண்ணிக்கை இன்னொன்றில், விளைச்சல் மூன்றாவதில், மூன்றும் வெவ்வேறு இதழ்களில். உயரத்தில் ஒரு உரம் நன்றாக வேலை செய்திருக்கிறது. விளைச்சலில் அதே உரத்தால் சொல்லும்படி வித்தியாசமே இல்லை. முதல் கட்டுரையை மட்டும் படிக்கிற வேளாண் அலுவலர் அந்த உரத்தைப் பரிந்துரைப்பார். காசு கொடுத்து வாங்கிப் போடுவது விவசாயி. கரும்பலகையில் மூன்று கட்டம் வரைந்து இதைக் காட்டியதும் அவள் கொஞ்ச நேரம் பேசவேயில்லை.

மருத்துவ நண்பர் ஒருவர் வலுவான கேள்வி கேட்டிருந்தார்: அமெரிக்காவின் ஃபிரேமிங்காம் இதய ஆய்வு 1948இல் 5,209 பேரோடு தொடங்கி, ஆயிரக்கணக்கான கட்டுரைகளைத் தந்திருக்கிறதே, அதுவும் கூறுபோடலா? இல்லை. ஒவ்வொரு கட்டுரையும் வேறு கேள்வி கேட்கிறது, எல்லாமே தான் பிறந்த வீட்டின் பெயரை, அதாவது மூல ஆய்வின் பெயரைச் சொல்கிறது. அதைப் 'பகுத்து வெளியிடல்' என்போம். கேள்வி ஒன்றாக இருந்து பதிலை மட்டும் உடைத்தால், அதிலும் ஒரு கட்டுரை மற்றதைப் பற்றி வாய் திறக்காமல் இருந்தால், அது கூறுபோடல்.

இதோடு ஒட்டியது 'இரட்டை வெளியீடு', அதாவது அதே தரவை மறுபடியும் புதிதுபோல் வெளியிடுவது. இதன் கேடு எவ்வளவு என்று 1997இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு ஆய்வு காட்டியது. அறுவை சிகிச்சைக்குப் பின் வரும் வாந்திக்கு ஒண்டான்செட்ரான் என்ற மருந்து எவ்வளவு பயன் தருகிறது என்று, வெளிவந்த சோதனைகளையெல்லாம் தொகுத்துப் பார்த்தார்கள். கட்டுரைகளில் 17 விழுக்காடும் நோயாளிகளின் தரவில் 28 விழுக்காடும் இரட்டிப்பு. அந்த இரட்டிப்பையும் சேர்த்துக் கணக்கிட்டால் மருந்தின் பயன் 23 விழுக்காடு கூடுதலாகத் தெரிகிறது. நம் வீடுகளில் குழந்தைகளுக்கு வாந்திக்குக் கொடுக்கிறோமே, அதே மருந்துதான். கூறுபோடலிலும் இதே ஆபத்து உண்டு. ஒரே நோயாளிகள் வெவ்வேறு கட்டுரைகளில் வெவ்வேறு ஆட்களாக எண்ணப்பட்டுவிடுவார்கள்.

மாணவர்களை மட்டும் குறை சொல்வது சரியாகாது. 'வெளியிடத்தக்க மிகச் சிறிய அலகு', அதாவது ஒரு கட்டுரையாகத் தேறக்கூடிய மிகச் சிறிய துண்டு, என்ற பேச்சு 1981இலேயே சயன்ஸ் இதழில் வந்துவிட்டது. நம் நாட்டில் 2010இல் ஆசிரியர்களுக்குப் புள்ளி முறை வந்தது, கட்டுரைக்கு இத்தனை புள்ளி என்று. ஆய்வேடு கொடுக்குமுன் கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற விதி 2022இல் நீங்கியது. பழக்கம் நீங்கவில்லை.

நானும் செய்திருக்கிறேன். என் ஆய்வேட்டின் ஒரு இயல், நெறியாளர் சொன்னபடி இரண்டு கட்டுரைகளானது. இரண்டாவதில் முதலாவதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. பல வருடம் கழித்து, முன்பின் தெரியாத ஒருவர் மின்னஞ்சலில் கேட்டார்: "இரண்டு கட்டுரைகளிலும் சோதித்தவை அதே மாதிரிகள்தானா (சாம்பிள்கள்)? பல ஆய்வுகளின் தரவைச் சேர்த்துப் பார்க்கும் தொகுப்பாய்வு செய்கிறேன்." "ஆம், அதே மாதிரிகள்தான், குறிப்பிடாதது என் தவறு" என்று எழுதி அனுப்பிவிட்டு அன்று வேறு வேலை எதுவும் ஓடவில்லை. அப்போது எனக்கு இதற்குத் தமிழில் பெயர் தெரிந்திருந்தால், நெறியாளரிடம் கேட்கவாவது வாய் வந்திருக்கும் என்று இன்றும் நினைக்கிறேன்.

இப்போது வகுப்பில் ஒரு பயிற்சி தருகிறேன். இதழாசிரியருக்கு எழுதும் கடிதத்தில் சேர்க்க வேண்டிய வரியை முதலில் தமிழில் எழுதச் சொல்கிறேன். அந்த மாணவி எழுதியது: "இதே 36 பாத்திகளிலிருந்து விளைச்சல் பற்றிய கட்டுரை தனியே வெளிவந்துள்ளது, அதன் படியை இணைத்துள்ளேன்." ஆங்கிலத்தில் எழுதச் சொன்னபோது முக்கால் மணி நேரம் திணறியவள், தமிழில் ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டாள். பிறகு அதை ஆங்கிலமாக்குவது அவளுக்குப் பெரிய காரியமாக இல்லை.

சொற்பட்டியலுக்கு என் முன்மொழிவு:

கூறுபோடல் (பெயர்), கூறுபோடு (வினை): ஒரே கேள்விக்காகச் செய்த ஒரே ஆய்வின் முடிவுகளை, ஒன்றோடொன்று உள்ள தொடர்பைச் சொல்லாமல், பல கட்டுரைகளாக உடைத்து வெளியிடுதல்.

இந்த மாத இறுதிவரை மறுப்புகளுக்காகக் காத்திருக்கிறேன். இன்னொன்றும் இருக்கிறது. தன் பழைய கட்டுரையின் வரிகளைத் தானே எடுத்துப் புதியதில் போடுவதைத் 'தற்களவு' என்று இரண்டு பேர் எழுதியிருந்தீர்கள். தன் பொருளைத் தானே திருட முடியுமா என்று வகுப்பில் கேட்டார்கள், என்னிடம் பதில் இல்லை. செய்முறைப் பகுதியில் அப்படி எடுத்தாள்வதைப் பல இதழ்கள் ஓரளவு ஏற்கவும் செய்கின்றன. களவு என்ற பழி இல்லாமல், ஆனால் சொல்லிவிட்டுச் செய் என்ற எச்சரிக்கையோடு ஒரு சொல் யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள். புதன்கிழமை வகுப்பில் அதைத்தான் நடத்தப் போகிறேன்.

அன்புடன்