எஞ்சினை விட்டுவிட்டு பிரேக்கைப் பிடித்துக்கொண்டார்

எங்கள் பழைய காரில் வேறு எஞ்சின் மாட்டினால் ரோட்டில் ஓட்டவே விட மாட்டார்கள் என்று ஆளாளுக்குப் பயமுறுத்தினார்கள். வண்டி ரோட்டில் ஓடத் தகுதியானதுதான் என்று சான்று தர வந்த பொறியாளரோ எஞ்சின் எண்ணைப் படித்தார், ரசீதோடு ஒத்துப்பார்த்தார், எஞ்சினைத் தாங்கும் மவுண்டிங்கின் வெல்டிங்கில் டார்ச் அடித்துப் பார்த்தார், சரி என்றார். எஞ்சின் கதை அவ்வளவுதான். மீதி நேரமெல்லாம் பிரேக். நியாயம்தான், ஓட்டம் கூடினால் நிற்கவும் வேண்டுமே.

முன்சக்கர டிரம் பிரேக்கை (உருளைக்குள் ஷூ விரிந்து பிடிப்பது) எடுத்துவிட்டுப் பட்டறையில் டிஸ்க் பிரேக் (தட்டை இரு பக்கமும் பேட் கவ்விப் பிடிப்பது) போட்டுக் கொடுத்திருந்தார்கள். ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தவர், ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்தைக் கையால் சுழற்றினார். அரைச் சுற்றில் நின்றுவிட்டது. "மாஸ்டர் சிலிண்டர் பழசுதானே?" என்றார். பெடலை மிதித்தால் பிரேக் எண்ணெயைக் குழாய் வழியே சக்கரத்துக்குத் தள்ளுவது அதுதான். டிரம்முக்கென்று செய்த சிலிண்டர்கள் பலவற்றில் ஒரு சின்ன வால்வு இருக்கும். காலை எடுத்த பிறகும் குழாயில் 10 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு 10 பவுண்டு) அளவுக்கு அழுத்தத்தைப் பிடித்து வைக்கும். டிரம்மில் ஷூவைத் திரும்ப இழுக்க ஸ்பிரிங் உண்டு. டிஸ்க்கில் அது கிடையாது, மிச்சமிருக்கும் அழுத்தத்தில் பேட் உரசி உரசிச் சூடேறும். முன்னே டிஸ்க், பின்னே டிரம் என்ற அமைப்புக்கான இரட்டைச் சுற்று சிலிண்டரை மாற்றினோம். ஒரு பக்கம் கசிந்தாலும் மறுபக்கம் பிடிக்கும் என்பது கூடுதல் லாபம்.

அப்புறம் ஸ்டீயரிங்கை இரு பக்கமும் முழுக்க ஒடிக்கச் சொல்லி, பிரேக் ஹோஸ் டயரில் உரசுகிறதா என்று படுத்துக்கொண்டே பார்த்தார். கார்ப்பெட்டைத் தூக்கி சீட் பெல்ட் போல்ட்டையும் விடவில்லை. தகரத் தரையில் வெறும் வாஷர் போதாது, அடியில் கனமான தகடு இருக்க வேண்டும். எங்களுடையதில் இருந்தது.

ஒன்றை மட்டும் முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள்: விண்டேஜ் பதிவா, மாற்றியமைத்த வண்டி என்ற பதிவா? இந்தியாவில் 2021இல் வந்த விதிப்படி விண்டேஜ் என்றால் 50 வயது தாண்டியிருக்க வேண்டும், சேஸி (அடிச்சட்டம்), பாடி, எஞ்சினில் பெரிய மாற்றமும் கூடாது. ஜெர்மனியில் 30 வயது போதும், அந்தக் காலத்துக்கு ஒத்த மாற்றங்களுக்கும் இடமுண்டு. பழமைச் சலுகையும் வேண்டும், புது எஞ்சினும் வேண்டும் என்றால் பல நாடுகளில் நடக்காது. ஆகவே தகரத்தை வெட்டுவதற்கு முன்பே, சான்று தரப்போகிறவரிடம் திட்டத்தைக் காட்டிவிடுவது நல்லது.

பெயிண்ட் அடிப்பதற்கு முன் வெல்டிங்கை எல்லாம் படம் எடுத்து வையுங்கள், எங்களிடம் முதலில் கேட்டதே அதுதான். சேஸி எண் இருக்கும் இடத்தில் மட்டும் கிரைண்டர் படவே கூடாது.