எடை வருவதற்கு முன்பே பிரிண்ட் ஓடிவிடுகிறது: பக்கம் முழுதாக வரைந்து முடிந்ததை எப்படிப் பிடிப்பது?

கேள்வி (கோத்தகிரி)
வணக்கம். எங்கள் ஊர்ப் பக்கம் பச்சைத் தேயிலை வாங்கும் மையம் ஒன்றுக்கு எடைச்சீட்டுப் பக்கம் எழுதியிருக்கிறேன். விண்டோவின் 'லோட்' நிகழ்வு வந்ததும் பிரிண்ட் ஓடும். ஊட்டியில் நன்றாக வருகிறது. மையத்தில் மழை பிடித்து சிக்னல் இறங்கினால், சீட்டில் தலைப்பு மட்டும்தான். எடை, ஈரத்துக்குக் கழித்தது எல்லாம் வெற்றுக் கட்டம். சில சமயம் தமிழ் எழுத்தும் வேறு ஃபான்ட்டில் வருகிறது. எடை விவரம் ஃபெட்ச் (பக்கம் சர்வரிடம் தரவு கேட்டு வாங்கும் கட்டளை) வழியாக வருகிறது. குறித்த நேரம் கழித்து ஓட வைக்கும் செட்டைம்அவுட்டில் 3 வினாடி கொடுத்தும் போதவில்லை. இலை போடுகிறவர் கையில் இருக்கும் கணக்கு அந்தச் சீட்டுதான், உதவுங்கள்.

பதில் 1 (குன்னூர்)
செட்டைம்அவுட்டை முதலில் எடுத்துவிடுங்கள். எத்தனை வினாடி வைத்தாலும் அது ஊகம்தான். டாம்கன்டென்ட்லோடட், ஹெச்டிஎம்எல்லைப் படித்து முடித்ததும் வரும். லோட், அதிலுள்ள படம், ஸ்டைல்ஷீட் எல்லாம் இறங்கியதும் வரும். நீங்கள் பிறகு ஃபெட்ச் செய்வதற்கு இரண்டுமே காத்திருக்காது. எல்லாம் வரைந்தாயிற்று என்று சொல்லும் ஒரே நிகழ்வு பிரவுசரில் கிடையாது.

அதனால் ஃபெட்சை அவெய்ட் செய்து (முடியும்வரை காத்திருக்க வைத்து), எடையைக் கட்டத்தில் போட்ட பிறகு பிரிண்டைக் கூப்பிடுங்கள். லோகோ, க்யூஆர் படங்கள் இருந்தால் ஒவ்வொன்றுக்கும், படம் காட்டத் தயாரானதும் முடியும் டிகோட்()-ஐ அவெய்ட் செய்யுங்கள். கடைசியில் ரெக்வெஸ்ட்அனிமேஷன்ஃபிரேம் (திரையை அடுத்து வரையும் முன் ஓடும் அழைப்பு) ஒன்றுக்குள் இன்னொன்று: முதலாவது வரைவதற்கு முன்பே ஓடும், இரண்டாவது வருவதற்குள் முந்தைய ஃபிரேம் வரையப் போயிருக்கும். டேப் பின்னால் மறைந்திருந்தால் இது ஓடாது, அதைக் கவனியுங்கள்.

பதில் 2 (கொடைக்கானல்)
ஃபான்ட் பற்றி ஒன்று. ஃபான்ட்கள் தயாரா என்று சொல்லும் டாக்குமென்ட்.ஃபான்ட்ஸ்.ரெடியை எடை வருவதற்கு முன்பே பார்த்தால், தமிழ் ஃபான்ட் தேவை என்றே பிரவுசருக்குத் தெரிந்திருக்காது. உடனே சரி என்றுவிடும். டாக்குமென்ட்.ஃபான்ட்ஸ்.லோட்() பயன்படுத்துங்கள். அதில் ஃபான்ட் அளவு, பெயரோடு, இரண்டாவதாக 'எடை' மாதிரி ஒரு தமிழ்ச் சொல்லும் கொடுங்கள். கொடுக்காவிட்டால் வெறும் இடைவெளி எழுத்துக்குத்தான் தேடும். யூனிகோட்-ரேஞ்ச் வைத்து மொழி எழுத்துவாரியாகத் துண்டு பிரித்த ஃபான்ட்டில் தமிழ்ப் பகுதி இறங்காமலே போகும்.

ஃபெட்ச் தோற்றால் பிரிண்ட் ஓடவே கூடாது. கேட்ச்சில் (பிழை வந்தால் ஓடும் பகுதி) 'மறுபடி முயல்க' பட்டன் காட்டுங்கள். வெற்றுச் சீட்டு கொடுப்பதைவிட ஒரு நிமிடம் நிற்க வைப்பது மேல்.

கேள்வி கேட்டவர்
ரொம்ப நன்றிங்க. பிரவுசரின் சோதனைக் கருவியான டெவ்டூல்ஸில் நெட்வொர்க் வேகத்தைக் குறைத்துப் பார்த்தேன். எடை வரும்வரை பிரிண்ட் காத்திருக்கிறது. தமிழ்ச் சொல் கொடுத்ததும் ஃபான்ட்டும் சரியாகிவிட்டது. அப்புறம் ஒரு சந்தேகம்: லோகோ இறங்காவிட்டால் டிகோட் பிழை தருமே, அப்போதும் நிறுத்த வேண்டுமா?

பதில் 1
வேண்டாம். லோகோவுக்கு மட்டும் தனியாகக் கேட்ச் போட்டு விட்டுவிடுங்கள். எடையும் தேதியும் வந்திருந்தால் சீட்டு போகலாம்.