ஜியோகேச்சிங்: டர்பனில் மூன்று டப்பா தேடினோம், ஒன்றும் கிடைக்கவில்லை. என்ன தவறு செய்கிறோம்?

புதுசா_டர்பன்:

எல்லோருக்கும் வணக்கம். திருநெல்வேலியிலிருந்து தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்குக் குடிவந்து எட்டு மாதம் ஆகிறது. வேலையிடத்தில் யாரோ சொல்லி, என் வீட்டுக்காரர் ஜியோகேச்சிங் ஆப்பைப் போட்டுக்கொண்டார். ஒருவர் ஒளித்து வைத்த டப்பாவை ஜிபிஎஸ் பார்த்துக் கண்டுபிடித்து, உள்ளே இருக்கும் தாளில் பெயர் எழுதிவிட்டு, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வர வேண்டும். கேட்கச் சுலபமாகத்தான் இருந்தது. மூன்று ஞாயிறு, மூன்று இடம் போனோம். போன் ‘இதுதான் இடம்’ என்கிறது, பார்த்தால் புல்லும் கல்லும்தான். மூன்றாவது இடத்தில் காவலாளி வந்து என்ன தேடுகிறீர்கள் என்று கேட்டார். எனக்கு என்ன சொல்வதென்றே தெரியவில்லை. ஏழு வயது மகள் “டப்பா நிஜமாவே இருக்காம்மா?” என்கிறாள்.

எனக்குப் பாம்பு பயம் உண்டு. போனைக் கையில் நீட்டிக்கொண்டு ஆளில்லாத இடத்தில் நடப்பதும் பயமாக இருக்கிறது. கணவன் மனைவியாக இதைச் செய்கிறவர்கள் இருந்தால் சொல்லுங்கள், தொடரலாமா?

சாட்ஸ்வர்த்_அக்கா:

தங்கச்சி, விட்டுவிடாதீர்கள். நானும் என் வீட்டுக்காரரும் பதினோரு வருடமாகப் போகிறோம். அவர் இங்கேயே பிறந்தவர், அவருடைய கொள்ளுத்தாத்தா காலத்தில் கரும்புத் தோட்டத்துக்கு வந்த குடும்பம். நான் மாயவரத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள். அவருக்குத் தமிழ் கேட்டால் புரியும், எழுத வராது. அதனால் இரண்டு பேருக்கும் சேர்த்து நானே எழுதுகிறேன்.

முதலில் போன் விஷயம். திறந்தவெளியில் போன் ஜிபிஎஸ் நாலைந்து மீட்டர் முன்பின் காட்டும். மரத்தடியிலும் பள்ளத்தாக்கிலும் இன்னும் தள்ளிப் போகும். ஒளித்து வைத்தவர் எண்களைக் குறித்தபோது அவர் கருவியும் இப்படித்தான் கொஞ்சம் தள்ளிக் காட்டியிருக்கும். இரண்டும் சேர்ந்தால் ஒரு வீட்டு முற்றம் அளவுக்குத் தேட வேண்டியிருக்கும். ஆகவே பத்து மீட்டர் என்று காட்டியதும் போனைப் பைக்குள் போட்டுவிடுங்கள். திருட்டு பயத்துக்கும் இதுவே நல்லது.

அப்புறம் கண்ணை நம்புங்கள். நாங்கள் முதன்முதலில் கண்டுபிடித்ததைச் சொல்கிறேன். அவர் போனை வைத்துக்கொண்டு ஒரு மரத்தையே அரைமணி நேரம் சுற்றிக்கொண்டிருந்தார். நான் களைத்துப்போய் ஒரு கல்லில் உட்கார்ந்தேன். எதிரே விழுந்து கிடந்த அடிமரத்தின் ஓரத்தில் மூன்று குச்சிகள், ஒரே நீளம், ஒரே பக்கம் பார்த்துக் கிடந்தன. காற்று குச்சியை அப்படி அடுக்காது. குச்சியால் தள்ளிப் பார்த்தேன். பச்சை டேப் சுற்றிய சாப்பாட்டு டப்பா! உள்ளே ஜிப் கவரில் சின்ன நோட்டு, ஈரம் பட்டு முதல் பக்கம் அப்பளம் மாதிரி உப்பியிருந்தது. அரை விரல் நீளப் பென்சில், இரண்டு கோலிக்குண்டு, காது உடைந்த பீங்கான் யானை. நான் கத்தின கத்தலில் அவர் பாம்போ என்று பயந்து ஓடிவந்தார். இயற்கையாக இல்லாத அடுக்கைத்தான் தேட வேண்டும் என்று அன்றைக்குப் புரிந்தது. இன்றுவரை அவர் வழி காட்டுவார், கடைசிப் பத்து மீட்டர் என்னுடையது.

ஆப்பில் தேர்ந்தெடுக்கும்போது மூன்றைப் பாருங்கள். தேடும் கடினமும் நிலத்தின் கடினமும் 1 முதல் 5 வரை போட்டிருக்கும், இரண்டும் ஒன்றரைக்குள் இருக்கட்டும். அளவு ‘ஸ்மால்’ அல்லது ‘ரெகுலர்’ ஆக இருக்கட்டும். ‘மைக்ரோ’ என்றால் பழைய பிலிம் டப்பி அளவு. சட்டைப் பொத்தான் அளவில் காந்தம் வைத்ததும் உண்டு, இப்போதைக்கு அதன் பக்கமே போக வேண்டாம். முக்கியமாக, கடைசியாகத் தேடிப்போனவர்கள் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று படியுங்கள். மூன்று பேர் வரிசையாகக் கிடைக்கவில்லை என்றால் டப்பாவே போயிருக்கலாம். உங்கள் மூன்றில் ஒன்று அப்படி இருந்திருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. நீங்களும் வெட்கப்படாமல் ‘கிடைக்கவில்லை’ என்று பதிவு போடுங்கள். வைத்தவர் அதைப் பார்த்துத்தான் போய்ச் சரிசெய்வார்.

பாம்பு: பொந்துக்குள் கையை விடவே கூடாது. முதலில் டார்ச், பிறகு குச்சி, கடைசியில்தான் கை. பஃப் ஆடர் என்ற விஷப் பாம்பு நம் காலடிச் சத்தத்துக்கு நகராது, அசையாமல் கிடக்கும். அதனால் அடுத்த காலை எங்கே வைக்கிறோம் என்று பார்த்தே நடக்க வேண்டும். மூடிய ஷூ கட்டாயம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மழை குறைவு, புல்லும் காய்ந்து தாழ்ந்திருக்கும். புதிதாகத் தொடங்க அதுதான் நல்ல காலம்.

பாம்பைவிட எங்களைப் படுத்தியது உண்ணி. ஒருமுறை போய்வந்து ஒரு வாரம் கழித்து அவருக்குக் காய்ச்சல், தாங்க முடியாத தலைவலி. முதலில் போன கிளினிக்கில் சாதாரண ஃப்ளூ என்று மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். இரண்டு நாள் கழித்து நான்தான் அவர் இடுப்பில் வேட்டிக் கட்டு வரும் இடத்தில் கறுப்பாகப் பொருக்குத் தட்டிய புண்ணைப் பார்த்தேன். இன்னொரு டாக்டர் அதைப் பார்த்த உடனே உண்ணிக் காய்ச்சல் என்றார். அவர் கொடுத்த மருந்தில் இரண்டே நாளில் எழுந்து உட்கார்ந்தார். காட்டுக்குப் போனதை நாங்களும் முதல் கிளினிக்கில் சொல்லவில்லை, நீங்கள் மறக்காமல் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்ததும் மகளைக் குளிப்பாட்டும்போது முழங்கால் மடிப்பு, இடுப்பு, காதின் பின்புறம், தலைமுடி எல்லாம் பாருங்கள்.

பாதுகாப்புக்கு எங்களுக்குள் ஒரு விதி. ஒருவர் ‘வேண்டாம்’ என்றால் மற்றவர் அங்கே நின்று ஏன் என்று கேட்கக் கூடாது. காரில் ஏறிக் கதவைப் பூட்டிய பிறகு கேட்கலாம். ஒருமுறை டப்பாவுக்கு முப்பது மீட்டர்தான் பாக்கி. எனக்கு மனசு சரியில்லை, ‘வேண்டாங்க’ என்றேன். அவர் அப்படியே திரும்பினார். அந்த டப்பா இன்னும் எங்களுக்குக் கிடைக்காததுதான், அதில் எனக்கு வருத்தமே இல்லை. காலையில் எட்டு மணிக்குக் கிளம்புங்கள், ஆள் நடமாட்டம் உள்ள இடத்தில் காரை நிறுத்துங்கள். கிரான்ட்ஸ்க்ளூஃப் மாதிரி பள்ளத்தாக்குக்குப் போவதென்றால் இன்னொரு குடும்பத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

காவலாளியிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள். முதலில் ஜூலு மொழியில் ‘சாவுபோனா’ என்று வணக்கம், பிறகு ஆப்பைக் காட்டி விளக்கம். நாங்கள் அடிக்கடி போகும் பூங்காவில் காவலாளியே இப்போது “போன வாரம் இரண்டு பேர் வந்து தேடினார்கள்” என்று தகவல் சொல்கிறார்.

மாரிட்ஸ்பர்க்_அப்பா:

அக்கா சொன்னதோடு குழந்தைக்கு ஒன்று. டப்பாவிலிருந்து ஒரு பொருளை எடுத்தால் அதே மதிப்பில் ஒன்றை வைக்க வேண்டும். என் மகள் கண்ணாடி வளையல் கொண்டுபோவாள். தின்பண்டம் மட்டும் கூடாது, குரங்கும் எறும்பும் மோப்பம் பிடித்து டப்பாவையே நாசமாக்கிவிடும். 2000 மே 3 அன்று அமெரிக்காவின் ஆரிகனில் டேவ் அல்மர் என்பவர் காட்டில் வைத்த வாளிதான் இந்த விளையாட்டின் முதல் டப்பா, அதில் பீன்ஸ் டின் ஒன்று இருந்ததாம். ஜிபிஎஸ்ஸில் வேண்டுமென்றே கலந்து வைத்திருந்த பிழையை அமெரிக்க அரசு நீக்கிய கையோடு, ஜிபிஎஸ் எவ்வளவு சரியாகக் காட்டுகிறது என்று சோதிக்க வைத்தார். இப்போது உணவு வைக்கவும் அனுமதி இல்லை, மண்ணைத் தோண்டிப் புதைக்கவும் பொதுவாக அனுமதி இல்லை. அதனால் எங்கேயும் தோண்ட வேண்டாம்.

இந்தப் பக்கம் வந்தால் ஹோவிக் அருகே மண்டேலா கைதான இடத்துக்கு மகளைக் கூட்டிப்போங்கள். 1962 ஆகஸ்ட் 5 அன்று அந்தச் சாலையில்தான் அவரைப் பிடித்தார்கள். ஐம்பது ஆண்டு நிறைவுக்கு 50 இரும்புத் தூண்கள் நட்டிருக்கிறார்கள். பக்கவாட்டில் நின்றால் வெறும் கம்பிகள். ஓரிடத்தில் வந்து நின்றால் அவர் முகம். என் மகள் ஒவ்வொரு அடியாக நகர்ந்து நகர்ந்து அந்த இடத்தைத் தானே கண்டுபிடித்தாள். டப்பா தேடுவதற்கு அதைவிட நல்ல பயிற்சி கிடையாது.

கேப்டவுன்_கல்_பார்ப்பவர்:

டப்பா கிடைக்காத ஏமாற்றம் வேண்டாம் என்றால் ‘எர்த்கேச்’ பாருங்கள். அதில் டப்பாவே கிடையாது. பாறையைப் பார்த்து, கேட்டிருக்கும் கேள்விகளுக்குப் பதில் அனுப்ப வேண்டும். எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது சீ பாயிண்ட் கடலோரத்தில். கறுப்புப் பழம்பாறைக்குள் உருகிய கிரானைட் புகுந்து இறுகிய இடம் அது, வயது ஏறத்தாழ 54 கோடி ஆண்டு. 1836இல் டார்வின் பார்த்த பாறை. நான் நின்ற அன்று அலை வழிந்ததும் வெள்ளை வரி கறுப்புக்குள் ஓடுவது பளிச்சென்று தெரிந்தது, கிரானைட்டில் பெருவிரல் நீளப் படிகங்கள். என் மனைவிக்கு நடக்கச் சிரமம், சுவரோரம் உட்கார்ந்தே எல்லாக் கேள்விக்கும் அவள்தான் பதில் எழுதினாள்.

புதுசா_டர்பன்:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். கிடைத்துவிட்டது! அக்கா சொன்ன மாதிரி ஒன்றரை, ஸ்மால், போன மாதம் யாரோ கண்டுபிடித்தது. பத்து மீட்டரில் போனை உள்ளே போட்டோம். வேலிக் கம்பத்தின் அடியில் தட்டையான கல் ஒன்று, அதன் மேல் மட்டும் பாசி இல்லை. மகள்தான் பார்த்தாள். டார்ச், குச்சி, அப்புறம் கை. நோட்டில் தமிழில் பெயர் எழுதினாள், ‘ழ’வுக்கு மட்டும் என்னைக் கேட்டுக்கொண்டாள். டப்பாவின் மூடி ஒரு மூலையில் விரிசல் விட்டிருக்கிறது, மழை வந்தால் தண்ணீர் போகும். நாங்களே புது டப்பா வாங்கி மாற்றிவிடலாமா?

சாட்ஸ்வர்த்_அக்கா:

கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது தங்கச்சி. டப்பாவை மாற்ற வேண்டாம், அது வைத்தவருடைய பொருள். உங்கள் பதிவில் ‘மூடியில் விரிசல்’ என்று ஒரு வரி எழுதுங்கள், ஆப்பிலேயே அவருக்குச் செய்தியும் அனுப்பலாம். வேலிக் கம்பத்தின் படம் மட்டும் போடாதீர்கள், அடுத்துத் தேடி வருகிறவர்களுக்கு இடம் தெரிந்துவிடும். அதுவரை நோட்டை இரண்டு ஜிப் கவரில் போட்டு வைத்தால் போதும்.