புதுப்பிப்பு: கறிவேப்பிலைச் செடிப் புழு யாருன்னு தெரிஞ்சிருச்சு

நாகமலை புதுக்கோட்டை வீட்டுக் கொல்லையில, கறிவேப்பிலை மேல பறவை எச்சம் மாதிரி ஒட்டியிருந்த புழுவோட படத்தைப் போட்டு என்னன்னு கேட்டிருந்தேன்ல? எலுமிச்சை அழகி, கறிவேப்பிலை அழகிங்கிற ரெண்டு பட்டாம்பூச்சியில ஒன்னோட புழுன்னு சொன்னீங்க. இது கறிவேப்பிலை அழகிதான்.

கடைசியாத் தோல் உரிச்சதும் பச்சையாயிருச்சு. ஈர்க்குச்சியால லேசாத் தொட்டேன். தலைக்குப் பின்னாடி சிவப்பா ஒரு கவைக்கொம்பு நீண்டு, குப்புன்னு ஒரு நெடி! எறும்பு, சிலந்தியை விரட்ட அதுதான் ஆயுதம்.

நேத்துக் காலையில கூட்டுப்புழுவுல இருந்து வெளிய வந்தது பெண். கருப்பு இறக்கை, பின்னிறக்கையில வெள்ளைத் திட்டும் சிவப்புப் பொட்டும். அச்சு அசல் ரோஜா அழகிங்கிற இன்னொரு பட்டாம்பூச்சி மாதிரியே! ரோஜா அழகி புழுவா இருக்கையில ஆடுதின்னாப்பாளையைத் தின்னு உடம்புல விஷத்தைச் சேத்துக்கும், பறவைங்க தொடாது. அதே மாதிரி இருக்குறதால இதையும் விட்டுரும். கறிவேப்பிலை அழகியில பெண்ணுக்கு மட்டும்தான் இந்த வேஷம், அதுலயும் ஆண் மாதிரியே இருக்குற பெண்ணும் உண்டு. அடையாளம் காண உடம்பைப் பாருங்க: ரோஜா அழகிக்குச் சிவப்பு, இதுக்குக் கருப்பு. எவ்வளவு நேர்த்தி!

மருந்தடிக்கச் சொன்னவங்களுக்கு: ரெண்டு கொப்புதான் மொட்டையாச்சு, அதுலயும் துளிர் விட்டாச்சு. தயவுசெஞ்சு அடிக்காதீங்க.